இரண்டு கையும் பாட்டிலில்

அன்பு மகளுக்கு,

"அப்பா ஒரு சொட்டு தொட்டாலும் என் கல்யாணத்துக்கு வர வேணாம்மா" என்று போனில் சொன்னாய். உன் அண்ணன் கல்யாணத்தன்று நான் உடுத்தியிருந்த கறுப்புக் கிமோனோவில் அவர் குடித்துவிட்டுக் கொட்டிய கறை இன்னும் போகவில்லை. எனக்கும் எதுவும் மறக்கவில்லை. ஆனாலும் அவர் வருவார்.

டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார்: "அடியோட விடுன்னா இவரு அடுத்த மாசம் இந்தப் பக்கமே வரமாட்டாரு. முதல்ல குறைக்கட்டும்." இப்போது சாயங்காலம் குடிக்கிற ஆசையைக் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் பீர், அதோடு சரி. "குடிச்சுக்கிட்டே வைத்தியமா!" என்று இவாவோ பெரியப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். உன் அப்பா மறுபடியும் விடியற்காலையில் மீன் சந்தை வேலைக்குப் போகிறார்.

கல்யாணத்தில்தான் கண்டம். பெண்ணையோ பிள்ளையையோ பெற்றவர்கள் மேஜை மேஜையாகப் போய் பீர் ஊற்ற வேண்டும். பதிலுக்கு விருந்தாளிகள் ஊற்றுவார்கள், மறுத்தால் மரியாதையில்லை. உன் அண்ணன் கல்யாணத்தன்று அப்படித்தான் கெட்டது. அதனால் தினமும் ஒத்திகை நடக்கிறது, பீர் பாட்டிலில் அதே நிறத்துப் பார்லி டீயை நிரப்பி. நான்தான் விருந்தாளி.

"அட, நீங்களும் ஒரு கிளாஸ் பிடிங்க!"

அவர் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். "பொண்ணைப் பெத்தவன், இன்னிக்கு என் வேலை ஊத்துறது மட்டுந்தாங்க!" கிளாஸை வாங்க அவரிடம் கை இல்லை.

அவருடைய ஒரு கிளாஸ், எல்லாரும் கிளாஸை உயர்த்திக் குடிக்கும் முதல் வாழ்த்தோடு முடிந்துவிடும். பிறகு உன்னிடமும் பாட்டிலோடு வருவார். கிளாஸை நீட்டு. பதிலுக்கு மட்டும் ஊற்றாதே.

அந்தக் கறுப்புக் கிமோனோவை உடுத்திக்கொண்டுதான் வருகிறேன்.

உன் அம்மா