மலையாள விஷமம்

1955 ஜூன் 16, வியாழன்

மூட்டையில் குத்தூசி விட்டு, விழுந்த அரிசியில் நாலைக் கடித்தேன். பழசா புதுசா தெரியவில்லை. கடித்துப் பார்த்தே விலை சொல்லி, திருவனந்தபுரம் சாலை பஜாரில் மூட்டை தூக்க வந்தவன் அரிசிக் கடைக்காரன் ஆனேன். இன்று நாக்கில் மண்.

எதிர்க்கடைக் கோலப்பன் மறுபடி என் கடையை விலைக்குக் கேட்டான். “ஒடம்புக்கு முடியாம எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? ஆவணி ஒண்ணாந் தேதி சாவியத் தந்திருங்க.” அவன் சொன்ன விலை அநியாயத்துக்குக் குறைவு. சரி என்றேன். பேரமே பேசவில்லை. நானா?

ஜூன் 19

ஞாயிறு, கடை இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மழை.

ஜூன் 24

வீட்டுக்காரி சொர்ணம் விடவில்லை, பழவங்காடி டாக்டர் நீலகண்டனிடம் கூட்டிப் போனாள். “பசியில்ல, உறக்கமில்ல. வாயு” என்றேன். அவர் மருந்து எழுதாமல் முகத்தையே பார்த்தார். “மனஸ்ஸில் விஷமம் வல்லதும் உண்டோ?”

மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். இந்த பஜாரில் நரைத்தவனுக்குத் தெரியாதா? இருந்தும் தமிழ் விஷமமாக எடுத்துக்கொண்டேன். “அதெல்லாம் சின்னப் பிள்ளையில செஞ்சது, டாக்டரே.”

அவர் சிரித்தார். சொர்ணம் சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் பக்கத்துக் கடை இரும்பு வியாபாரி வேதமாணிக்கம். என்னைக் கண்டதும் நெஞ்சைத் தடவினார். “வாயு, அண்ணாச்சி.”

“எனக்கும் அதுதான்.”

இரண்டு பேரும் மழையைப் பார்த்தோம்.

ஜூன் 30

விசாரித்தேன். அந்த டாக்டர் பலருக்கும் மனத்தளர்ச்சி என்றுதான் சொல்கிறாராம். ஜவுளிக்கடைக்காரர் சம்சாரத்துக்கு, கரமனையில் ஒரு குமாஸ்தாவுக்கு… வருகிறவனுக்கெல்லாம் ஒரே சரக்கைத் தள்ளினால் கிடங்கில் அது தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாத வியாபாரமா!

ஜூலை 3

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 9

சொர்ணம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “நான் என்ன கொறை வச்சேன்னு சொல்லுங்க.” ஒரு குறையும் இல்லை. அதச் சொல்லக்கூட வாய் வரல. எந்திரிச்சுப் போயிட்டா. ஆளுக பக்கத்துலதான் இருக்காக — நான் மட்டும் எங்க கெடக்கேன்?

ஜூலை 11

டாக்டரிடம் தனியாகப் போனேன். உட்காருமுன்பே சொல்லிவிட்டேன்: “விஷமம் உண்டு. மலையாள விஷமம்.”

மனதில் இருந்ததையும் கேட்டேன். “வாறவனுக்கெல்லாம் இதையே சொல்லுகீங்களாமே?”

“வருந்நவரெல்லாம் வாயு எந்நு பறயும். ஞான் உள்ளில் எந்தெந்நு சோதிக்கும். அத்ரேயுள்ளு.”

வருகிறவர்கள் வாயு என்கிறார்கள்; இவர் உள்ளே என்ன என்று கேட்கிறார், அவ்வளவுதான். எல்லா மூட்டையிலும் குத்தூசி விடுகிறவன் கண்ணில்தான் வண்டு படும். விடாதவனுக்கு எல்லாம் நல்ல அரிசி. இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மருந்து கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். குணமாகும்வரை எதையும் விற்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

கோலப்பன் சாவிக்கு வந்தான். “நோக்காட்டுல சொன்ன வெலை வெலையில்ல, தம்பி.” முறைத்துவிட்டுப் போனான். சாலையில் நான் வாக்கு மாறியது இதுதான் முதல். பஜார் பேசட்டும்.

நாக்கு இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. காலையில் கடித்தது புது அரிசி என்று பட்டது. நிச்சயமில்லை.

மத்தியானம் வேதமாணிக்கம் நெஞ்சைத் தடவிக்கொண்டு கடை வாசலில் நின்றார். “வாயுதான், அண்ணாச்சி.”

“எனக்கு வாயு இல்ல, வேதமாணிக்கம். விஷமம்.”

உள்ளே வந்து, மூட்டைமேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

“தமிழா, மலையாளமா?” என்றார். சிரிக்கவில்லை.