நெயில் பாலிஷ் வைத்த பேட்டரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று ஒரு வீட்டில் சோலார் இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே மடக்கினார்.

"போன வாரம் சர்வீஸுக்கு வந்தப்ப புது பேட்டரிய எடுத்துட்டுப் பழசை வெச்சுட்டுப் போயிட்டியா? முன்னாடியே நெயில் பாலிஷ்ல புள்ளி வெச்சிருக்கேன். உன் கண்ணு முன்னாடியே பாத்துடலாம்."

டார்ச் அடித்துத் தேடினார். நல்லவேளை, புள்ளி இருந்தது. ஒயர் மாட்டும் முனையில் உப்புப் பூத்திருந்தது, அவ்வளவுதான். சுரண்டி முறுக்கியதும் விளக்கு எரிந்தது. டீ கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு புள்ளியும் வைத்துவிட்டார்!

நம் வீட்டு பேட்டரிக்குத் தம்பி தண்ணீர் ஊற்றும்போது வீடியோ காலில் கூப்பிடட்டும். சரியாகத்தான் ஊற்றுவான். போனை மட்டும் உங்கள் முகத்தின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்