இன்னொரு நாட்டின் கீதத்துக்கு நின்றவளுக்கு

அன்புக் குட்டிக்கு,

அப்பா, தம்பி, நான் மூவரும் சுகம். நீயும் விடுதியில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக வாசல் மணியின் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். நீ வெள்ளிப் பதக்கம் வாங்கியதிலிருந்து மணி ஓயவில்லை, முதல் நாள் வாழ்த்த வந்தார்கள், மறுநாளிலிருந்து விசாரிக்க வருகிறார்கள். தங்கம் வாங்கிய பெண்ணின் நாட்டோடு நமக்கு எல்லைச் சண்டை இருக்கும்போது, அவர்கள் தேசிய கீதம் ஒலித்ததும் மேடையை விட்டு இறங்கச் சொல்லியிருந்தும், உங்கள் மகள் ஏன் அசையாமல் நின்றாள் என்று எதிர்வீட்டு மாமாகூடக் கேட்டுவிட்டார். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாதவர் அவர்.

நேற்று சதுரங்கச் சங்கச் செயலாளர் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு வந்தார். உனக்குப் பதினெட்டு முடிய இரண்டு மாதம் இருப்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். ‘என் மகள் அறியாமல் அப்படி நின்றுவிட்டாள்’ என்று ஒரே வரி. போடாவிட்டால் அடுத்த போட்டிக்கான அணியில் நீ இல்லை. பாவம், தரையைப் பார்த்தே பேசினார், தேநீரையும் பாதியில் வைத்துவிட்டார். அப்பா, “கையெழுத்தைத்தானே கேக்கறாங்க, கழுத்தையா கேக்கறாங்க, போட்டுடு” என்கிறார். உன் ஆட்டம் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு, எனக்கும்தான். ஆனால் நீ தொலைபேசியில், “இடம் போனா போகட்டும்மா, தெரியாம செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதே” என்றது காதிலேயே நிற்கிறது.

உன் எட்டு வயதில், முதல் வெளிநாட்டுப் போட்டியில், யாருடைய கீதமோ ஒலிக்க நீ உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாய். கையைப் பிடித்து எழுப்பினேன். இது யார் பாட்டு என்றாய். யார் பாட்டாயிருந்தால் என்ன, ஜெயித்த குழந்தைக்காக நில் என்றேன். உண்மையில் பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் சொன்னது. நான் அன்றே மறந்ததை நீ இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய். இறங்கச் சொன்ன உன் பயிற்சியாளரே அந்த மேடைப் படத்தை எனக்கு அனுப்பி, ஆட்டத் தொடக்க நகர்வுகளை விடாமல் படிக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறார். கதவு அடைபடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீ நன்றாயிருப்பாய், இன்னும் நிறைய ஜெயிப்பாய். உன் மூக்குக்கண்ணாடியின் ஆடுகிற திருகை முதலில் சரிசெய்துகொள். மாலை அந்தக் கடிதத்தை வாங்கிப்போகச் செயலாளர் வருமுன் பேட்டரியை நானே மாட்டிவிடுவேன். அந்தத் தாளில் ‘அறியாமல்’ என்பதை அடித்துவிட்டு, ‘நான் சொல்லிக்கொடுத்தபடி’ என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும், இந்த நிமிடம் வரை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

உன்னோடு நிற்கும்,
அம்மா