நிரை முனையில் ரோஜா

என் மாரி அக்காவுக்கு,

"ஏன்டா தம்பி, ஒவ்வொரு நெர முனையிலயும் ரோஜாச் செடி வச்சிருக்கான், எதுக்குடா?"

மளிகைக்கடை காலண்டரில் இருந்த திராட்சைத் தோட்டப் படத்தைப் பார்த்து நீ கேட்டாய். நான் வாத்தியார்; தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "அழகுக்குத்தான்கா" என்றேன்.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டில் வேலை முடிந்து வந்து மருந்தடிக்கும் பம்பைக் கழுவிக்கொண்டிருந்த நீ சிரித்தாய். "அழகுக்கு எந்தத் தோட்டத்துலடா ஆள் போடுவான்? போ, புள்ளைங்களுக்காவது ஒழுங்கா சொல்லிக்குடு."

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பதில் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் என் மகள், உன் மருமகள் தேன்மொழி என்னைப் பிரான்சுக்கு அழைத்துப் போனாள். ஒரு நாள் காலை ரயிலில் செந்த் எமிலியோன் என்ற பழைய ஊருக்குப் போனோம். பாறையைக் குடைந்த தேவாலயம், கல் பாவிய செங்குத்துத் தெரு. உன் ஜப்பான் சிலிப்பர் ரப்பர்ச் செருப்போடு வந்திருந்தால் வழுக்கிக்கொண்டேதான் இறங்கியிருப்பாய்.

ஊர் முடியும் இடத்தில் தோட்டம் தொடங்கியது. நம் ஊர் கோலா சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டம்போலவே நூல் பிடித்த நிரைகள். முனைக்கு முனை ரோஜா!

கொடி கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் காரணம் கேட்கச் சொன்னேன். "ஊரே சர்ச்சப் பாக்குது, நீங்க செடியப் பாக்குறீங்களேப்பா. போதும் லா" என்று அலுத்துக்கொண்டே தேன்மொழி கேட்டாள்.

அந்தப் பெண் ஒரு ரோஜா இலையைத் திருப்பிக் காட்டினாள். கொடியைத் தாக்கும் வெள்ளைப் பூஞ்சணம் ரோஜாவில்தான் முதலில் தெரியுமாம். அதைப் பார்த்து உடனே கொடிக்கு மருந்தடிப்பார்களாம். இப்போது நோயை முன்கூட்டியே காட்டும் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் காலையில் அவள் கண் முதலில் போவது ரோஜாவுக்குத்தானாம்.

நம் செம்பனைத் தோட்டத்துச் சாலையோரம் நீயும் உன்னோடு வேலை செய்தவர்களும் மஞ்சள் பூச்செடி நட்டீர்களே, அக்கா. செம்பனை ஓலையைத் தின்னும் புழுவைக் கொல்வது குளவி. அந்தக் குளவிக்குத் தேன் கொடுப்பது அந்தப் பூ. பூவுக்கும் வேலை உண்டு என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாயா? உன்னையே திருப்பிக் கேட்டிருந்தால் பாதிப் பதிலாவது வந்திருக்குமே?

அங்கே திராட்சை மது ஒரு வாய் குடித்தேன். திட்டாதே, புளிப்புதான். திரும்பும் ரயிலில் மனம் நிறைந்து தூங்கிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை தேன்மொழியை அந்த மஞ்சள் பூக்களிடம் கூட்டிப்போய், "இது உன் அத்தை நட்டது, குளவிக்குத் தேன் கிடைக்கணும்னு நட்டது" என்று சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று: இன்று வீட்டில் யாராவது உங்களிடம் கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள்.

உன் கேள்விக்குத் தாமதமாகப் பதில் கொண்டுவந்த
தம்பி