மூன்றாம் பக்கத்தில் இருக்கும் எண்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே நீயும் அப்பாவும் நலம்தானே. என் அழைப்பை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு முன் இதைப் படித்துவிடு.

முதலில் என் தவறு. உன் தேர்தல் துண்டறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், ‘உங்கள் குறைகளைச் சொல்ல’ என்பதற்குக் கீழே இருப்பது உன் அலுவலக எண் இல்லை. என் எண். விடுப்பில் ஊருக்கு வந்து அதை வடிவமைத்தபோது இடம் காலியாக இருக்க வேண்டாமென்று போட்டுவைத்தேன். கடைசியில் மாற்றிவிடுவது என் வழக்கம். அதற்குள் சண்டை. உன் ஆட்கள் எல்லோர் முன்னாலும் “இது கொள்கை இல்லை, வாழ்த்து அட்டை” என்றேன். “தூரத்துல இருக்கறவனுக்கு வாய் மட்டும் நீளம். இங்க வந்து ஒரு மாசம் இருந்து பாரு” என்றாய். கோபத்தில் அந்தத் துண்டறிக்கைக் கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

முதல் அழைப்பிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மூன்று வாரமாகச் சொல்லவில்லை.

இதுவரை நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் “அக்காகிட்ட சொல்றேன்” என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எல்லா வேட்பாளர்களையும் மேடையேற்றிக் கேள்வி கேட்கும்போது இவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நீ ஒன்றும் தெரியாமல் விழித்தால் பொய்க்காரி என்பார்கள். பொய் என்னுடையது, பெயர் உன்னுடையது.

தண்ணீர். ‘தினமும் குடிநீர்’ என்று போட்டிருக்கிறாய். மேட்டுத் தெருத் தையல்காரம்மா சொன்னார்: “தினமும் வருது தம்பி. நான் கடைக்குப் போனப்புறம் பதினோரு மணிக்கு வருது. பூட்டின வீட்டுல யாரு பிடிக்கிறது?” தினமும் என்று மட்டும் பேசாதே. எத்தனை மணிக்கு என்று சொல். வால்வு திறக்கும் முறையை மாற்றினால் போதும், படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

மருத்துவமனை. நூறு கட்டில் கூடுதலாக என்கிறாய். லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. ஒரு லாரி ஓட்டுநர் தன் அப்பாவை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறியிருக்கிறார். “கட்டில் நெறய இருக்கு சார், அது மேல இருக்கு” என்றார்.

பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது நல்ல கொள்கை. ஆனால் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டார்: “இலவசம் சரிப்பா, வண்டி நிக்கணுமே?” எந்தெந்த நிறுத்தத்தில் நிற்பதில்லை என்ற பட்டியல் கடைசித் தாளில்.

பள்ளிக்கூடம் பற்றி நீ எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை மாற்றாதே. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், பன்னிரண்டு திரை, ஒரு நாற்காலி. அடுத்த ஷிப்ட்காரர் வருவார், கையெழுத்துப் போடுவார், நான் எழுந்து அறைக்குப் போவேன். தையல்காரம்மா இப்போது குறை இல்லாமலும் கூப்பிடுகிறார். “குரலே துருப்பிடிச்சுக் கெடக்கே தம்பி, யாருகிட்டயாவது பேசறியா இல்லையா?” என்று கேட்டார். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மூன்று வாரம் ஏன் சொல்லவில்லை என்று நீயும் கேட்பாய். அதற்கும் அந்த ஏசியையே பதிலாக வைத்துக்கொள்.

சரியான எண்ணை அச்சடித்து, மிச்சமிருக்கும் துண்டறிக்கைகளில் என் எண்ணின் மேல் ஒட்டச் சொல், மேடையிலும் அதை அறிவித்துவிடு. ஒரு நாள் வேலை. அதன் பிறகு இந்தப் போன் பழையபடி சும்மா கிடக்கும். பரவாயில்லை.

நீ ஜெயிக்க வேண்டும். வாயால் சொல்ல வராததை எழுதிவிட்டேன். வெயிலில் அலையும்போது தண்ணீர் குடி, அப்பாவின் மாத்திரையை மறக்காதே.

ஒட்டுவதற்கு முன்னால், மூன்றாம் பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணுக்கு நீயும் ஒரு தடவை கூப்பிடு. ஊரே கூப்பிட்டுவிட்டது.

உன் தம்பி