ஆயுத பூஜை முடிந்த குப்பை

செப்டம்பர் 15, 2025
மணிவேல் சார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஓசூர் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையின் கம்ப்யூட்டர் மாடல் இனி ரூபாவின் பொறுப்பு. சோதனை ஓட்டமும் அவள்தான். உலைக்குள் எங்கே எவ்வளவு சூடு என்று இங்கே முதலில் கணக்குப் போட்டது யார்? நான். பொங்கல் முடிந்து வந்து சேர்ந்தவள் அவள். என்னிடம் வந்து, நீங்கதான்க்கா சொல்லித் தரணும் என்கிறாள். சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 18
அவள் மாடலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 24
சோதனை ஓட்டம் அக்டோபர் மூன்றாம் தேதி. ஆயுத பூஜை முடிந்த கையோடு! சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வாழைமரம், உடைத்த பூசணிக்காய், பூ. அவ்வளவும் குப்பை வண்டியில்தான் வரும். அந்த ஈரம் காய்வதற்கே பாதிச் சூடு போய்விடும். ரூபாவின் மாடலில் வருஷம் முழுக்க ஒரே ஈரப்பதம். யாரும் கவனிக்கவில்லை. நான் சொல்ல வேண்டுமா? ஏன் சொல்ல வேண்டும்? பொறுப்பு அவளுடையதுதானே.

அக்டோபர் 1
பூஜை. உலைக்குப் பொட்டு வைக்க ரூபாவைத்தான் கூப்பிட்டார் சார். நான் பொரிப் பொட்டலம் கட்டினேன்.

அக்டோபர் 3
நினைத்தபடியே நடந்தது. கிரேன் வாழைத்தண்டாக அள்ளிப் போட்டது. சூடு இறங்கிக்கொண்டே வந்தது, டீசல் பர்னரைப் போட்டும் ஏறவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சோதனையைப் பார்க்க வந்திருந்த விருந்தாளிகள் சாப்பிடாமலே கிளம்பினார்கள். ஈரப்பதக் கணக்கு எங்கே எடுத்தாய் என்று சார் ரூபாவை வறுத்தெடுத்தார். என் தப்புதான் சார் என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், இருந்தது — இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது?

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ்சுக்கு நின்றிருந்தாள். கணக்கு எங்கே எடுத்தாய் என்றதற்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த ஈரப்பதம் போன சித்திரை வெயில்ல நீங்க எடுத்து வெச்ச அளவுதான்க்கா. நீங்க எடுத்ததுன்னா சரியாத்தான் இருக்கும்னு அப்படியே போட்டுட்டேன். உங்க பேரச் சொன்னா உங்களயும் திட்டுவாருல்ல."

என் அளவா! எனக்கு அடையாளமே தெரியவில்லையே. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அக்டோபர் 7
மாடல் என்னிடம் வந்துவிட்டது. ரூபா இனி சாம்பல் எடை போடும் இடத்தில். சார் அறையில் நின்றபோது சொல்லியிருக்கலாம், அந்த அளவு என்னுடையது என்று. வாய் வரை வந்தது. சரிங்க சார் என்றுதான் சொன்னேன்.

வெளியே ரூபா கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கே வந்ததுல சந்தோஷம்க்கா."

நடிக்கிறாளோ என்று முகத்தையே பார்த்தேன். இல்லை, மனசாரத்தான் சொன்னாள். எப்படி முடிகிறது இவளுக்கு? அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.