எலும்பு ஸ்கேனுக்குப் பிறகு

செப். 12, வெள்ளி
மழை இல்லை. புழுக்கம். காலை ஆறரைக்கு எருமப்பட்டியிலிருந்து சேலம். மனைவி கமலத்துக்கு எலும்பு ஸ்கேன். கதிரியக்க ஊசி போட்டு மூன்று மணி நேரம் காத்திருப்பு. டாக்டர் அறைக்குள் அவளும் மகன் குமாரும். எனக்கு வெளியே பெஞ்சு. "தேய்மானமுங்கப்பா. வயசானா வர்றதுதான்" என்றான் வெளியே வந்து. ஆனால் நர்ஸ் அவளிடம், "இன்னைக்கு ஒரு நாள் கைக்குழந்தையத் தூக்காதீங்கம்மா." தேய்மானத்துக்கு எதற்கு இவ்வளவு? கேட்கவில்லை.

செப். 13, சனி
முதுகுவலி அவளுக்கு ஆடியிலிருந்து. சிலிண்டரை நகர்த்தியதாலாம். நான்கு வருடம் முன் இடது மார்பில் ஆபரேஷன். வீட்டில் அதற்கு இன்றும் பெயர் 'கட்டி'.
நூலகம். எந்தப் புற்று எங்கே பரவும் என்று மருத்துவப் புத்தகத்திலிருந்து குறிப்பு:
மார்பு – எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை.
பெருங்குடல் – பெரும்பாலும் ஈரல்.
புராஸ்டேட் – எலும்பு.
ரத்தம் வழி, நிணநீர் வழி. எலும்பில் போய்த் தங்கினாலும் அது மார்புப் புற்றுதான். மருந்தும் அதற்கானதே.
தாளை அவள் கண்ணில் படாமல் பீரோவில் வைத்தேன். கால்நடை மருந்தகத்தில் முப்பது வருடம். செத்த கோழியை அறுத்தால் ஈரலே சொல்லிவிடும். மனிதர்களிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். அது எனக்கு வராது. வீண் சந்தேகமாகவும் இருக்கலாம்.

செப். 14, ஞாயிறு
குமார் வந்தான். ரிப்போர்ட் கேட்டேன். "கார்ல இருக்குதுங்கப்பா. எல்லாம் நார்மல்." கார் வாசலில்தான். எடுத்து வரவில்லை.
கமலம் வெங்காயம் உரித்தபடி, "உங்கப்பாவுக்குக் கோழி ரிப்போர்ட்டே போதும் சாமி" என்றாள். அவன் சிரித்தான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அவளிடம் மறைக்கிறான். என் முடிவு அதுதான். டாக்டர் இங்கிலீஷில் சொல்லியிருப்பார்; அவளுக்கு ஒன்றும் தெரியாது. நானும் முகத்தில் காட்டக் கூடாது.

செப். 15, திங்கள்
தோட்டத்தில் மோட்டார் போடப் போனேன். கரண்ட் இல்லை. திரும்பினேன். சமையலறையில் போனில் கமலம், குமாரிடம்:
"ரேடியேசனுக்கு நானே பஸ்ஸுல வந்துக்கறேன் சாமி. அப்பாகிட்ட தேய்மானம்னே சொல்லு. தாங்க மாட்டாரு. போன தடவையே பத்து நாள் சோறு எறங்கல அவருக்கு."
மறைத்தது அவளிடம் அல்ல.
செருப்போடு நின்றேன். தோட்டத்துக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. போகவில்லை.
"எந்த எலும்பு?"
போனை வைத்தாள். "இடுப்புல. முதுகுத்தண்டுல ரெண்டு எடம். மொதல்ல உக்காருங்க மாமா."
"ஈரல்?"
"அங்க இல்லீங்க."
தண்ணீர் எடுக்க எழுந்தாள், இடுப்பைப் பிடித்தபடி. தடுத்தேன். நானே மொண்டு வந்தேன். கொடுப்பதற்குள் பாதி தரையில்.
"பாத்தீங்களா," என்றாள், "இதுக்குத்தான் சொல்லலீங்க."